எந்த நெருப்புக்கு எந்தத் தீயணைப்பான்?
வீடும் பள்ளியும் கடையும் அறிந்திருக்க வேண்டியவை



சென்ற ரமளானில் நம் நோன்புக் கஞ்சிக் கொட்டகையில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். அஸர் தொழுகை முடிந்த நேரம். கஞ்சி இறக்கியாகிவிட்டது. வடை சுட வைத்திருந்த எண்ணெய்ச் சட்டியைக் கவனிக்க ஆளில்லாமல் எல்லோரும் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் புகைந்து, குப்பென்று பற்றிக்கொண்டது. தொண்டு செய்ய வந்திருந்த சிறுவன் ஒருவன் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சட்டிக்கு நாலடி தூரத்தில் பண்டாரி அவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அடுப்பை நிறுத்தினார். பக்கத்தில் கிடந்த தேக்சா மூடியை எடுத்து, பக்கவாட்டிலிருந்து தள்ளிச் சட்டியை மூடினார். நெருப்பு அடங்கியது. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் காயமில்லை.

அந்தக் கொட்டகைச் சுவரில் ஒரு சிவப்பு சிலிண்டர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் அதை இறக்கிப் பார்த்தோம். அழுத்தம் காட்டும் முள் சிவப்புப் பகுதியில் கிடந்தது. பின் துருவேறி இறுகிப்போயிருந்தது. போதாக்குறைக்கு, அது அடுப்புக்கு நேர் பின்னால் மாட்டப்பட்டிருந்தது. எடுக்க வேண்டுமானால் நெருப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். அதை வாங்கி மாட்டியவர்கள் நாங்கள். மாட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காதவர்களும் நாங்கள்தான். அந்தச் சிறுவனைக் குறை சொல்ல முடியாது. நெருப்பென்றால் தண்ணீர் என்றுதானே நாமெல்லாம் அவனுக்குச் சொல்லித் தந்திருக்கிறோம்? அந்த வாளி சட்டியில் கவிழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துத்தான் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நெருப்பு நமக்கு எதிரி

1997 ஏப்ரல் 15-ஆம் நாள், ஹஜ்ஜுக்காக மினாவில் கூடியிருந்த ஹாஜிகளின் கூடாரங்களில் தீப்பிடித்தது. பலத்த காற்று அதைக் கூடாரத்துக்குக் கூடாரம் கொண்டுபோனது. 340-க்கும் மேற்பட்ட ஹாஜிகள் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சுமார் 70,000 கூடாரங்கள் எரிந்தன. இன்று மினாவுக்குப் போய்வருகிறவர்கள் பார்க்கும் வெள்ளைக் கூடாரங்கள் அதன் பிறகு அமைக்கப்பட்டவை. எளிதில் தீப்பிடிக்காத, டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணியால் ஆனவை. கூடாரங்களுக்குள் சமையல் வாயு கொண்டுபோவதும் தடை செய்யப்பட்டது.

உறங்கப் போகும் முன் வீட்டில் எரியும் நெருப்பை அணைத்துவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் வருகிறது. மதீனாவில் ஒரு வீடு இரவில் வீட்டாரோடு எரிந்துபோன செய்தி வந்தபோது, நெருப்பு உங்களுக்கு எதிரி என்று அவர்கள் எச்சரித்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்ற பாடமும் நாம் அறிந்ததே. நம் வீட்டுச் சுவரில் சரியான தீயணைப்பானை மாட்டிவைப்பதும், அதைப் பயன்படுத்தத் தெரிந்துவைத்திருப்பதும் ஒட்டகத்தைக் கட்டுகிற வேலைதான்.

மூன்று கல் அடுப்பு

நெருப்பு எரிவதற்கு மூன்று வேண்டும்: எரிபொருள், காற்றிலுள்ள ஆக்சிஜன், வெப்பம். மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டுகிறோம் அல்லவா? ஒரு கல்லை உருவிவிட்டால் பானை நிற்காது. நெருப்பும் அப்படித்தான். தண்ணீர் ஊற்றினால் வெப்பம் என்ற கல்லை உருவுகிறோம். மூடி போட்டால் ஆக்சிஜன் என்ற கல்லை உருவுகிறோம். கேஸ் ரெகுலேட்டரை மூடினால் எரிபொருள் என்ற கல்லை உருவுகிறோம். எந்த நெருப்பில் எந்தக் கல்லை ஆபத்தில்லாமல் உருவ முடியும் என்பதைப் பொறுத்துத்தான் தீயணைப்பான்கள் வகை வகையாகச் செய்யப்படுகின்றன.

நெருப்பின் வகைகள்

நம் நாட்டில் விற்கும் தீயணைப்பான்களின் மேல் ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கும். அவை குறிப்பவை இவை.

ஏ வகை: மரம், துணி, காகிதம், ஓலை, பாய், கம்பளம், மெத்தை போன்ற திடப்பொருள்கள் எரியும் தீ. எரிந்தபின் கங்கும் சாம்பலும் மிஞ்சும். உள்ளே கனன்றுகொண்டே இருக்கும் என்பதால் குளிரவைக்க வேண்டும்.

பி வகை: பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், பெயின்ட், தின்னர், ஸ்பிரிட் போன்ற திரவங்கள் எரியும் தீ.

சி வகை: சமையல் வாயு போன்ற வாயுக்கள் எரியும் தீ.

டி வகை: மக்னீசியம், சோடியம் போன்ற உலோகங்கள் எரியும் தீ. இது தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வருவது. வீடுகளில் வராது.

எஃப் வகை: சமையல் எண்ணெய், நெய், டால்டா எரியும் தீ. இதுவும் திரவம்தானே, பி வகையில் சேர்க்கலாமே என்று கேட்கலாம். சமையல் எண்ணெய் பெட்ரோலைப் போலச் சின்னப் பொறியில் பற்றுவதில்லை. முந்நூறு டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறிய பிறகு தானாகவே பற்றிக்கொள்ளும். மேலே தெரியும் தீயை அணைத்தாலும் கீழே உள்ள எண்ணெய் அதே சூட்டில் இருப்பதால் மறுபடியும் பற்றும். அதனால்தான் இதற்குத் தனி வகை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'சி' என்றால் மின்சாரத் தீ என்று சிலர் சொல்வார்கள். அது அமெரிக்க வழக்கம். நம் நாட்டு வழக்கில் 'சி' வாயுவைக் குறிக்கும். அமெரிக்காவில் சமையல் எண்ணெய்த் தீக்கு 'கே' என்று பெயர். நமக்கு அது 'எஃப்'. கடைகளில் இரண்டு வழக்கமும் கலந்து பேசப்படுவதால், எழுத்தை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். "எண்ணெய்ச் சட்டி பற்றினால் அணைக்குமா? மின்சாரம் ஓடும் இடத்தில் அடிக்கலாமா?" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

மின்சாரம் எரிபொருள் இல்லை என்பதால் நம் நாட்டில் அதற்குத் தனி எழுத்து இல்லை. எரிவது ஒயரின் மேலுறை, பலகை, திரைச்சீலை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் அது சாதாரண ஏ வகைத் தீ. அணைக்காத வரை, தண்ணீர் பட்டால் அணைக்கிறவருக்கே மின்சாரம் பாயும்.

தீயணைப்பான்களின் வகைகள்

தண்ணீர்: பெரும்பாலும் 9 லிட்டர் அளவில் வரும். ஏ வகைத் தீக்கு இதைவிட மலிவானதும் நல்லதும் இல்லை. எண்ணெய், பெட்ரோல், மின்சாரம் மூன்றிலும் கூடாது.

நுரை: இதுவும் பெரும்பாலும் 9 லிட்டர். எரியும் திரவத்தின் மேல் போர்வை போலப் படர்ந்து காற்றைத் தடுக்கும். பி வகைக்கு ஏற்றது. ஏ வகைக்கும் உதவும். இதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் மின்சாரத்தில் கூடாது. ஸ்பிரிட் போன்ற தண்ணீரில் கலக்கும் திரவங்கள் சாதாரண நுரையைக் கரைத்துவிடும். அவற்றுக்கென்று தனி நுரை உண்டு.

ஏபிசி பவுடர்: நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான். உள்ளே மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்ற மஞ்சள் பொடி இருக்கும். தீயின் வேதிவினையை இடையில் அறுத்துவிடும். திடப்பொருளின் மேல் உருகிப் படலமாகவும் ஒட்டிக்கொள்ளும். ஏ, பி, சி மூன்றுக்கும் உதவும். வீட்டு மின்சாரத்திலும் அடிக்கலாம். இதன் குறைகள் மூன்று. பொடி அறை முழுதும் பரவிக் கண்ணை மறைக்கும், மூச்சை அடைக்கும். கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றுக்குள் புகுந்து அரித்துக் கெடுக்கும். சூட்டைத் தணிக்காது, அதனால் எண்ணெய்ச் சட்டியிலும் மெத்தையின் உள்ளேயும் தீ திரும்பி வரக்கூடும்.

கார்பன் டை ஆக்சைடு: இதற்கு அழுத்தமானி இருக்காது; அகன்ற கொம்பு போன்ற முனை இருக்கும். பார்த்தவுடன் அடையாளம் தெரியும். அடித்தபின் எந்தக் கறையும் மிஞ்சாது. மின்சாதனங்களுக்கு இதுவே சிறந்தது. ஆனால் வெளியே காற்றடிக்கும் இடத்தில் கலைந்துபோகும். துணி, மரத்தில் கங்கை அணைக்காது. மூடிய சிறிய அறையில் அடித்தால் அங்கே இருப்பவருக்கும் ஆக்சிஜன் குறையும். அடித்ததும் வெளியேறிவிட வேண்டும். கொம்பைக் கையால் பிடிக்கக் கூடாது. வாயு வெளிவரும்போது கடுங்குளிராகித் தோலைப் பொசுக்கிவிடும். எண்ணெய்ச் சட்டியில் அடித்தால் அதன் வேகமே எரியும் எண்ணெயைத் தெறிக்கவிடும்.

வெட் கெமிக்கல்: கடையில் இப்படியோ, 'கே டைப்' என்றோ கேட்டால் கொடுப்பார்கள். சமையல் எண்ணெய்த் தீக்கென்றே செய்தது. உள்ளே பொட்டாசியம் உப்புகள் கரைந்த திரவம் இருக்கும். நீண்ட குழாய் வழியாக மெல்லிய தூறலாக விழும். சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்பு நுரை போன்ற ஏடாகி மேலே மூடிக்கொள்ளும், எண்ணெயையும் குளிரவைக்கும். எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பு ஆகிற அதே வேலைதான் அங்கே நடக்கிறது.

வீட்டுச் சமையலறை

எண்ணெய் பற்றினால் ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது? தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, கீழே இறங்கிவிடும். 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் சூடான எண்ணெய்க்குள் போனால் அந்தக் கணமே ஆவியாகும். ஆவியானதும் தன் அளவைப்போல் சுமார் 1,700 மடங்கு விரியும். விரிகிற வேகத்தில் எரியும் எண்ணெயைத் துளித்துளியாக்கி மேலே எறியும். ஒரு குவளைத் தண்ணீருக்கே நெருப்பு கூரையைத் தொடும். எங்கள் கொட்டகையில் அன்று வந்தது ஒரு வாளி.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. அடுப்பை நிறுத்துங்கள். சட்டியை நகர்த்தாதீர்கள், தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியவர்கள்தான் அதிகம் வெந்துபோகிறார்கள். சட்டியைவிட அகலமான மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். உடனே திறந்து பார்க்காதீர்கள், நன்றாக ஆறட்டும். வடை, சமோசா பொரிக்கும்போது அந்த மூடி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தீப்போர்வை என்று கண்ணாடி இழைத் துணி கிடைக்கிறது. சமையலறைக்கு அது நல்ல துணை. சமையலறை வாசலுக்கு வெளியே, கூடத்தில், 2 கிலோ அல்லது 4 கிலோ ஏபிசி பவுடர் ஒன்று போதும். வீட்டில் பெண்களும் வயதானவர்களும் தூக்க முடிகிற அளவாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆடையையும் சொல்ல வேண்டும். அடுப்படியில் நைலான், பாலியஸ்டர் துப்பட்டா வேண்டாம். அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது; படுத்து உருள வேண்டும், அல்லது கனத்த பருத்தி ஜமுக்காளத்தால் சுற்ற வேண்டும். வெந்த இடத்தில் சுமார் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடவிட வேண்டும். பற்பசை, இங்க், ஐஸ் எதுவும் வைக்கக் கூடாது.

கேஸ் சிலிண்டர்

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து கட்டிலுக்கடியிலும் சாக்கடையிலும் தேங்கும். நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது.

குழாயிலோ ரெகுலேட்டரிலோ தீ எரிந்தால் ஒரு விதியை நினைவில் வையுங்கள்: வாயுவை நிறுத்த முடியாவிட்டால் தீயை அணைக்காதீர்கள். எரிகிற வாயு கண்ணுக்குத் தெரியும். அணைத்தபின் கசிகிற வாயு கண்ணுக்குத் தெரியாமல் வீட்டை நிரப்பி, அடுத்த பொறியில் வெடிக்கும். கையில் ஈரத்துணி சுற்றி ரெகுலேட்டரை மூட முடிந்தால் மூடுங்கள். வாயு நின்றால் தீ தானாக அடங்கும். எட்ட முடியாவிட்டால் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு விலகி நின்று, 101 அல்லது 112-க்குச் சொல்லுங்கள்.

பள்ளிவாசல், மதரஸா, மண்டபம்

தொழுகைக் கூடத்தில் எரியக்கூடியது கம்பளமும் பாயும் திரையும். ஏ வகை. வாசல்கள் அருகே தண்ணீர் அல்லது ஏபிசி பவுடர் வைக்கலாம். ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர், மின்பலகை இருக்கும் அறை வாசலில் கார்பன் டை ஆக்சைடு ஒன்று வேண்டும். சாம்பிராணிக் கரியைக் கம்பளத்தின் மேல் வைக்காமல், மண்சட்டியில் வைத்து, முடிந்ததும் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

கஞ்சிக் கொட்டகை, வலீமா நடக்கும் மண்டபச் சமையற்கட்டு, பிரியாணிக் கடை ஆகியவற்றுக்கு வெட் கெமிக்கல் அவசியம். பத்து லிட்டர், இருபது லிட்டர் எண்ணெய் காயும் சட்டிக்கு வீட்டு மூடி போதாது. விறகடுப்புக்குப் பக்கத்தில் வாளியில் மணலும் தண்ணீரும் இருக்கட்டும். ஆனால் "இது விறகுக்கு மட்டும்" என்று தண்ணீர் வாளியில் எழுதிவையுங்கள்.

விடுதியோடு இருக்கும் மதரஸாவில் கருவியைவிட முக்கியம் வழி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியில்லாமல் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடச் சமையலறைத் தீ கூரை ஓலைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. பிள்ளைகள் உறங்கும் அறையை வெளியிலிருந்து பூட்டாதீர்கள். இரண்டாவது வாசலை மூட்டை அடுக்கி அடைக்காதீர்கள். ஓலைக்கும் அடுப்புக்கும் இடையே உறவு வேண்டாம்.

கடைகள்

துணிக்கடை, தையற்கடை, புத்தகக் கடைக்குத் தண்ணீரும் ஏபிசி பவுடரும். பெயின்ட், ஹார்டுவேர் கடைக்கு நுரையும் பவுடரும். வாசனைத் திரவியம் விற்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஸ்பிரே வகைகளில் ஆல்கஹால் அதிகம், சாதாரண நுரை அதில் நிற்காது, பவுடரே நல்லது. செல்போன், கம்ப்யூட்டர் கடைக்கு கார்பன் டை ஆக்சைடு. இரவு கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது எல்லாக் கருவியையும்விட மலிவு.

பேட்டரி வண்டிகள்

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். லித்தியம் பேட்டரியில் ஒரு செல் சூடேறினால் அடுத்த செல்லையும் சூடேற்றும். தீச்சுவாலையைப் பவுடர் அடக்கலாம்; உள்ளே நடக்கிற சூட்டை அடக்காது; மறுபடி எரியும். நச்சுப் புகையும் வரும். இதற்கு வேண்டியது நிறையத் தண்ணீர். அந்த வேலையைத் தீயணைப்புப் படையிடம் விட்டுவிட்டு, நீங்கள் வெளியேறுங்கள். வண்டியை வீட்டுக்குள்ளும், மாடிப்படிக்கு அடியிலும், வாசலை அடைத்தும் சார்ஜ் போடாதீர்கள். உறங்கும் நேரத்தில் போடவே வேண்டாம்.

வாங்கும்போது

ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் எடுத்துச் செல்லும் தீயணைப்பான்களுக்கான இந்தியத் தர எண் அது. தயாரித்த தேதி, அடுத்த நிரப்பும் தேதி இரண்டையும் படியுங்கள். எழுத்துக்கு முன்னால் ஓர் எண் இருந்தால், சோதனையில் எவ்வளவு பெரிய தீயை அது அணைத்தது என்பதைக் குறிக்கும். எண் பெரிதானால் திறனும் பெரிது. ஊருக்குள் வந்து நிரப்பித் தருகிற ஆள் இருக்கிற கடையில் வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய சிலிண்டருக்குப் புது வண்ணம் அடித்ததை வாங்கிவிடாதீர்கள்.

மாட்டுகிற இடமும் வாங்குகிற பொருளைப்போல முக்கியம். வெளியே போகும் வழியில், வாசலுக்கருகே, கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். அடுப்புக்கு மேலும் பின்னும் வேண்டாம். அலமாரிக்குள் பூட்டி வைக்க வேண்டாம்.

பயன்படுத்தும் முறை

முதலில் வீட்டாரை வெளியேற்றுங்கள். ஒருவர் 101-க்கு அழைக்கட்டும். வாசல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். ஆறு, எட்டு அடி தள்ளி நின்றுகொள்ளுங்கள். பிறகு நான்கு சொற்கள்: இழு, குறிவை, அழுத்து, வீசு. பின்னை இழுங்கள். தீயின் அடிப்பாகத்தைக் குறிவையுங்கள். சுவாலையின் நுனியில் அடித்தால் எல்லாம் வீண். லீவரை அழுத்துங்கள். இடமும் வலமுமாக வீசுங்கள். சிறிய பவுடர் சிலிண்டர் பத்து விநாடி அளவுக்குத்தான் வரும். தூரத்தில் நின்று சோதித்துப் பார்க்க நேரமில்லை. தீ அடங்கியதும் முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள், திரும்பவும் பற்றலாம்.

குப்பைக்கூடை அளவுத் தீயோடுதான் நாம் மோதலாம். கூரையைத் தொட்டுவிட்டாலோ, அறையில் புகை நிரம்பிவிட்டாலோ, ஒரு சிலிண்டர் தீர்ந்தும் அணையாவிட்டாலோ, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தீயில் வெந்து இறப்பவர்களைவிடப் புகையில் மூச்சடைத்து இறப்பவர்கள் அதிகம். பீரோவும் நகையும் போனால் மீண்டும் தேடிக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை, முதல் ஜும்ஆ நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். முள் பச்சையில் இருக்கிறதா? பின்னும் சீலும் சரியாக உள்ளனவா? குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா? அடியில் துரு இருக்கிறதா? கார்பன் டை ஆக்சைடுக்கு முள் இல்லாததால் எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முழு எடை சிலிண்டரிலேயே எழுதியிருக்கும். ஒரு விநாடி அழுத்திப் பார்த்திருந்தாலும் மறுபடி நிரப்பியாக வேண்டும். பவுடர் வால்வில் சிக்கி, மிச்ச அழுத்தம் மெல்ல வெளியேறிவிடும்.

நாங்கள் செய்தது, செய்ய நினைப்பது

கஞ்சிக் கொட்டகையின் பழைய சிலிண்டரை அகற்றிவிட்டோம். வாசல் பக்கம் வெட் கெமிக்கல் ஒன்றும் ஏபிசி பவுடர் ஒன்றும் மாட்டியிருக்கிறோம். எண்ணெய்ச் சட்டிக்கு அளவான இரும்பு மூடி செய்து, சங்கிலி போட்டு, பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறோம். பார்வையிட்ட தேதியை எழுதும் அட்டை ஒன்றும் கட்டியிருக்கிறது. அந்த அட்டையில் மாதாமாதம் கையெழுத்துப் போடும் பொறுப்பை, அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிய சிறுவனிடமே கொடுத்திருக்கிறோம்.

அடுத்து, தெருவுக்கு இரண்டு இளைஞர்களும், பெண்களில் விரும்புகிறவர்களும் பயிற்சி பெற வேண்டும் என்பது எங்கள் ஆசை. கேட்டுக்கொண்டால் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் வந்து செய்து காட்டுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை அவர்கள் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கிறார்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நடந்த கப்பல் வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அது நடக்கிறது. அந்த வாரத்திலேயே நம் பள்ளி வளாகத்தில் ஏற்பாடு செய்ய முயல்கிறோம். தாய்மார்கள் அவசியம் வர வேண்டும். வீட்டில் நெருப்போடு அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான்.

பெருநாளைக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கிறோம். வீட்டுக்கு வண்ணம் அடிக்கிறோம். இந்த ஆண்டு அந்தச் செலவுப் பட்டியலில் ஒரு சிலிண்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வசதியுள்ளவர்கள் பக்கத்து ஏழை வீட்டுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஓர் உயிரைக் காப்பது மனித குலத்தையே காப்பது போன்றது என்று குர்ஆன் கற்பிப்பதை நாம் அறிவோம். இன்றிரவு உறங்கப் போகும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள், சார்ஜரைக் கழற்றுங்கள், கொசுவர்த்தியைத் திரைச்சீலையிலிருந்து தள்ளி வையுங்கள். அல்லாஹ் நம் வீடுகளையும் பள்ளிகளையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.